புது ஊரில் காலை ஓட்டம்: எங்கே ஓடுவது?

தினமும் காலையில் ஓடுகிறவர் ஒருவர். சொந்த ஊரில் அவருக்குக் கவலை இல்லை. எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்த மூலையில் லாரி திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவரை வேலை விஷயமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓட்டலில் இறங்குகிறார். மறுநாள் காலை, ஓடும் பூட்சை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். இடது பக்கம் ஒரு ரோடு போகிறது. வலது பக்கம் ஒரு ரோடு போகிறது. எந்தப் பக்கம் ஓடுவது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கால் போன பக்கம் ஓடுகிறார்கள். மூலைக்கு மூலை சிவப்பு விளக்கு! நின்று நின்று ஓட வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எல்லாக் கட்டிடங்களும் ஒரே மாதிரி தெரிகின்றன. போர்டில் உள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லை. ஓட்டல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்து போகிறது.

செல்போன் வழி காட்டாதா என்று கேட்கலாம். காட்டும். ஆனால், போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கிறவர் காரைப் பார்க்க மாட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தால், கார் இடது பக்கத்தில் இருந்து வரும். உயிருக்கே ஆபத்து!

எனவே, புது ஊரில் ஓடுகிறவர் தேட வேண்டியது ஒரு வட்டப் பாதை. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வர வேண்டும். நடுவில் வண்டிகள் குறுக்கே வரக்கூடாது. அப்படிப்பட்ட பாதை பழைய ஊர்களில் கோட்டையைச் சுற்றி இருக்கும். மற்ற ஊர்களில் ஏரிக்கரையிலோ பூங்காவிலோ இருக்கும்.

அரண்மனையைச் சுற்றி

ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. நெருக்கடிக்குப் பேர் போன நகரம். அதன் நட்ட நடுவில் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் எடோ கோட்டை இருந்தது. தோக்குகாவா பரம்பரையினர் அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள். எதிரிகள் உள்ளே வராமல் தடுக்க அகலமான அகழிகள் வெட்டினார்கள்.

அந்த அகழிகள் இன்றும் தண்ணீரோடு இருக்கின்றன. அதனால் அரண்மனைப் பக்கமாகப் போகும் நடைபாதையை எந்த ரோடும் வெட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு சுற்றுக்கு 5 கிலோமீட்டர். அதாவது, சுமார் 3 மைல். இந்த 5 கிலோமீட்டரில் ஒரு சிவப்பு விளக்குக்கூடக் கிடையாது!

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் ஓடுவார்கள். அரண்மனை எப்போதும் இடது கைப் பக்கம் இருக்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவரும் வழி தவற மாட்டார்.

தெற்கே சக்குராதாமோன் என்ற கோட்டை வாசல் இருக்கிறது. 1860-ல், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், இயி நாவோசுக்கே என்ற பெரிய மந்திரியை இந்த வாசலுக்கு வெளியே வெட்டிக் கொன்றார்கள். இப்போது அங்கே ஓட்டக்காரர்கள் கூடுகிறார்கள். கையைக் காலை உதறிவிட்டுப் புறப்படுகிறார்கள்.

முதல் பாதி சமதரை. வடக்குப் பக்கம் வந்ததும் மேடு தொடங்குகிறது. மூச்சு வாங்கும். மேட்டில் ஏறிவிட்டால் சிதோரிகாஃபுச்சி என்ற அகழி. வசந்த காலத்தில் அதன் கரை முழுவதும் செர்ரி பூத்துக் குலுங்கும். ஓட வந்தவர்கள் ஓட்டத்தை மறந்து நின்றுவிடுவார்கள். பிறகு ஹன்சோமோன் வாசலில் இருந்து ஒரே இறக்கம். கால் தானாக ஓடும்.

நடைபாதையில் 100 மீட்டருக்கு ஒரு பூத் தகடு பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஜப்பானின் ஒரு மாகாணத்துப் பூ. எவ்வளவு தூரம் ஓடினோம் என்று பூவை எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

தொடங்கி வைத்த பெண்கள்

இங்கே ஓடும் வழக்கம் எப்படி வந்தது? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா மராத்தான் ஓடினார். சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது! அப்படியும் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முதலாவதாக வந்தார். ஊரெங்கும் அதே பேச்சு.

அந்த ஆண்டே, கின்சா பகுதியின் மதுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் சிலர் அரண்மனையைச் சுற்றி ஓடினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஓடத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள்.

இப்போது மாலையில் ஆபீஸ் விட்டதும் கூட்டம் அலைமோதுகிறது. பக்கத்துக் கட்டிடங்களில் ஓட்டக்காரர்களுக்கு என்றே கடைகள் இருக்கின்றன. காசு கொடுத்தால் துணிமணியை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். ஓடிவிட்டு வந்து குளிக்கலாம். பூட்சுகூட வாடகைக்குக் கிடைக்கும். கூட்டம் பெருகியதால், "நடக்கிறவர்களுக்கே முதல் வழி" என்று நகரசபை விதி செய்திருக்கிறது. இந்த விதியை நம் ஊரிலும் எழுதி வைக்கலாம்!

வழி தவறினாலும் பயம் இல்லை. டோக்கியோ முழுவதும் "கோபான்" என்ற சின்னப் போலீஸ் சாவடிகள் உண்டு. ஓட்டலின் பெயர் ஜப்பானிய எழுத்தில் உள்ள சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்து காட்டினால் போதும். வழி சொல்லி அனுப்புவார்கள்.

மதில் மேல் ஓட்டம்

அகழியைச் சுற்றி ஓடுவது ஒரு வகை. மதில் மேலேயே ஓடும் ஊரும் இருக்கிறது. அது இத்தாலியில் உள்ள லுக்கா.

16, 17-ம் நூற்றாண்டுகளில் அந்த ஊரைச் சுற்றிப் பெரிய மதில் கட்டினார்கள். கட்டி முடிக்க 100 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எதிரிப் படை வந்து அதைத் தாக்கியதே இல்லை! வந்தது வெள்ளம்தான். 1812-ல் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தது. மதிலின் கதவுகளைச் சாத்தி ஊரைக் காப்பாற்றினார்கள். அப்போது லுக்காவை ஆண்டவள் நெப்போலியனின் தங்கை எலிசா. அவள் வெளியே மாட்டிக்கொண்டாளாம். கதவைத் திறந்தால் வெள்ளம் புகுந்துவிடும் என்று, மதிலுக்கு மேலாகத் தூக்கி அவளை உள்ளே இறக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு.

இப்போது மதிலின் மேல் இருபுறமும் மரங்கள். நடுவில் அகலமான பாதை. ஒரு சுற்று 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கீழே ஒரு பக்கம் ஓட்டு வீடுகள். மறு பக்கம் புல்வெளி. ஊருக்குள், உச்சியில் மரங்கள் வளர்ந்த ஒரு கோபுரம் தெரியும். அதை அடையாளம் வைத்துக்கொண்டு ஓடலாம்.

கோட்டையும் இல்லை, ஏரியும் இல்லை என்றால்? ஆறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கரையில் போய், பாலத்தைத் தாண்டி, மறு கரையில் திரும்பினால் அதுவும் வட்டம்தான். போகும்போது ஆறு இடது கைப் பக்கம் இருந்தால், வரும்போதும் இடது கைப் பக்கமே இருக்கும். பாரிஸ் நகரில் சேன் ஆற்றின் வட கரையில், 2016-ல் 3 கிலோமீட்டருக்கு மேல் கார்களையே நிறுத்திவிட்டார்கள்.

விளக்குக் கம்பம் வழி சொல்லும்

நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்ற பூங்கா இருக்கிறது. 843 ஏக்கர்! அதைச் சுற்றிவரும் பாதை 6 மைல். 2018 முதல் பூங்காவின் உள்பாதைகளில் கார்கள் ஓடுவதில்லை. அவ்வளவு தூரம் ஓட முடியாதவர்களுக்குப் பூங்காவுக்குள்ளேயே ஒரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. அதைச் சுற்றினால் ஒன்றரை மைல். ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலின் இங்கே ஓடியவர். 1994-ல் நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பூங்காவில் வளைந்து வளைந்து போகும் பாதைகள் ஏராளம். உள்ளூர்க்காரர்களே திசை தெரியாமல் திண்டாடுவது உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அங்குள்ள விளக்குக் கம்பங்களில் 4 எண்கள் போட்டிருக்கும். முதல் இரண்டு எண், பக்கத்தில் உள்ள தெருவைக் குறிக்கும். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பக்கம். இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம்.

7413 என்று இருக்கிறதா? 74-வது தெருவுக்குப் பக்கம், மேற்கே நிற்கிறீர்கள். 0612 என்று இருந்தால்? 106-வது தெருவுக்குப் பக்கம், கிழக்கே. 100-க்கு மேற்பட்ட தெருக்களுக்கு முதல் "1"-ஐ விட்டுவிடுவார்கள். ஓட்டல் எந்தத் தெருவில் என்று தெரிந்தால் போதும். கம்பத்தைப் பார்த்தே வந்து சேரலாம்.

ஒரு விஷயம். நம் ஊருக்கும் நியூயார்க்குக்கும் நேரம் ஒன்பதரை, பத்தரை மணி வித்தியாசம். நம் ஊரில் இருந்து போனவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் நடு இரவில் தூக்கம் கலைந்துவிடும். உடனே பூட்சை மாட்டிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. இரவு 1 மணிக்குப் பூங்காவை மூடிவிடுவார்கள். மறுபடி திறப்பது காலை 6 மணிக்குத்தான். அதுவரை படுக்கையில் புரண்டு கொண்டிருக்க வேண்டியதுதான்!