மலைத்தோட்டம் – 9: பொடிக்கிழங்கு விதைக்கு ஆகுமா?

கார்போகத்துக்கு நிலம் தயாரிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி விதை. நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களின் கைக்காசில் பெரும்பகுதி விதைக்கே போய்விடுகிறது. ஹெக்டேருக்கு மூன்று டன் விதைக்கிழங்கு என்றால் சும்மாவா? அதனால்தான் பெருங்கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட்டு, விலைபோகாத பொடியை விதைக்கு ஒதுக்குகிறார்கள். விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் இறங்குவதற்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கியக் காரணம்.

நச்சுயிரி தாக்கிய செடி லேசில் சாவதில்லை. இலை சுருண்டு, குட்டையாக நின்று, அடியில் சின்னச் சின்னக் கிழங்காக வைக்கும். குவியலிலிருந்து பொடியை மட்டும் பொறுக்கினால் நோய்ச்செடியின் வாரிசுகளைத்தான் அதிகம் பொறுக்குகிறோம். போதாக்குறைக்கு அசுவினி வந்து அதைப் பக்கத்துச் செடிக்கும் பரப்பும். வயலில் எந்த மருந்தை அடித்தாலும் கிழங்குக்குள் புகுந்த நச்சுயிரி போகாது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பூக்கும் சமயத்தில் பாத்தி பாத்தியாக நடந்து, வாளிப்பாக நிற்கும் செடிகளுக்கு அருகே குச்சி நடுங்கள். அறுவடையின்போது அவற்றைத் தனியாகத் தோண்டி, 40, 50 கிராம் எடையுள்ள கிழங்குகளை விதைக்கு வையுங்கள்.

தோண்டியதும் நட்டால் முளைக்காது. உறக்கம் கலைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். இருட்டில் மூட்டையாகக் கிடந்தால் முளை வெளுத்து நீண்டு, கை பட்டாலே ஒடியும். வெளிச்சம் வரும், ஆனால் வெயில் நேரே விழாத இடத்தில் தட்டுகளில் பரப்பினால் முளை குட்டையாகத் தடிக்கும். உற்றுப் பார்த்தால், பச்சையோ ஊதாவோ படர்ந்த அதன் அடியில் வேர் கிளம்பும் புள்ளிகள் தெரியும். நுனிக்கண் முந்திக்கொண்டு ஒற்றை முளை விட்டால், நாள் இருக்கும்போதே அதைக் கிள்ளிவிடுங்கள். மற்ற கண்களும் விழித்து, தண்டு கூடும்.

மலையில் முழுக்கிழங்கை நடுவதே நல்லது. வாடல் நோய்க் கிருமியைக் கிழங்குக்குக் கிழங்கு கடத்துவது வெட்டுகிற கத்திதான். வெட்டியே ஆகவேண்டுமென்றால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். கத்தியை அடிக்கடி கிருமிநாசினியில் முக்குங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட இரண்டு மூன்று நாள் நிழலில் விடுங்கள். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. விட்டு, முளை மேலே பார்க்க நட்டால் போதும்.

சமவெளி விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. நீலகிரி மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது 1961-லேயே கண்டறியப்பட்டது. அதனால் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை இருக்கிறது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வரும் ஒரே ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். இருபது ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். ஊட்டிக் கிழங்கைச் சமைக்க வாங்குங்கள். உங்கள் நிலத்தில் மட்டும் நடாதீர்கள்.