மாற்று இதயம் தரும் வாழ்வும் அது கேட்கும் விலையும்

2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பதினாறு வயது யுவதி ஒருவர் இலண்டனில் ஊடகவியலாளர்கள் முன் தோன்றினார். வேல்ஸ் பிரதேசத்தைச் சேர்ந்த ஹன்னா கிளார்க் எனும் அவர், பத்தாண்டுகளுக்கும் மேலாக இரு இதயங்களுடன் வாழ்ந்தவர். இரவலாகப் பெற்ற இதயம் அகற்றப்பட்டு அப்போது மூன்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. பயனற்றுப்போகும் என்று ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட அவரது சொந்த இதயமே மீண்டும் இயல்பாக இயங்கிக்கொண்டிருந்தது. அந்த வரலாற்றை அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்கள் அதே மாதத்தில் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர்.

இதய மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கழியும் சில மணித்தியாலங்களையே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். அதற்குப் பின்னர் நோயாளி வாழவேண்டிய ஆண்டுகளைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவு. ஹன்னாவின் கதை அந்த ஆண்டுகளின் பெறுமதியையும் அவற்றுக்காகச் செலுத்தப்படும் விலையையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவரது இதயத்தசை நோயுற்றிருந்தமை கண்டறியப்பட்டது. இதயம் வீங்கிப் பருத்து, குருதியை உந்தித் தள்ளும் வலுவை இழந்து வந்தது. 1995இல், இரண்டு வயதில், ஹெயர்பீல்ட் வைத்தியசாலையில் எகிப்தில் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் சேர் மக்டி யாகூப், ஐந்து மாதக் குழந்தையொன்றின் இதயத்தை அவருக்குப் பொருத்தினார். நோயுற்ற இதயத்தை அவர் அகற்றவில்லை. அதனை இருந்த இடத்திலேயே விட்டு, புதிய இதயத்தை அதனருகில் இணைத்தார். சுமையைப் புதியது ஏற்றுக்கொண்டமையால், பழையதற்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்விலே அது மெல்ல மெல்லத் தேறியது.

எனினும் அந்த ஆண்டுகள் இலகுவாகக் கழியவில்லை. எமது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன்னுடையதையும் பிறருடையதையும் பிரித்தறியும் காவலாளியாகும். கிருமிகளை எதிர்ப்பது போலவே, உயிர்காக்க வந்த அயல் இதயத்தையும் அது எதிர்க்கின்றது. 1967 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சையை நிகழ்த்தினார். அந்நோயாளி பதினெட்டு நாட்களே உயிர்வாழ்ந்தார். எதிர்ப்பைத் தணிப்பதற்காக நிர்ப்பீடனம் தாழ்த்தப்பட்டிருந்த அவரது உயிரைப் பறித்தது நுரையீரல் தொற்றாகும். 1980களில் சைக்ளோஸ்போரின் எனும் மருந்து பாவனைக்கு வந்த பின்னரே இத்துறை உறுதியான பாதையில் காலடி வைத்தது.

காவலாளியைத் தளர்த்தினால் கள்வனுக்கும் வழி பிறக்கும் அல்லவா? ஹன்னாவுக்கு நேர்ந்தது அதுவே. இம்மருந்துகளின் விளைவாக நிணநீர்த் தொகுதியைப் பாதிக்கும் புற்றுநோய் அவரைப் பீடித்தது. அதற்கு மருந்தேற்றுவதற்காக எதிர்ப்புத் தணிப்பு மருந்துகள் குறைக்கப்பட்டன. குறைத்ததும் இரவல் இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. இந்த இக்கட்டில் 2006 பெப்ரவரியில் இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதி சிறுவர் வைத்தியசாலையில் அவ்விதயம் அகற்றப்பட்டது. நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தும் மருந்துகளுக்கு அதன்பின் தேவையிருக்கவில்லை. புற்றுநோயும் தணிந்தது.

இவ்வாறான முடிவு மிக அரிதானது என்பதை வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம். மாற்று இதயம் பெற்ற ஏனையோரில் பெரும்பாலானோர் ஆயுள் முழுவதும் மருந்துடனேயே வாழ்கின்றனர். குறித்த வேளை தவறாது மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப் புரூட் பழச்சாறுகூட இரத்தத்தில் மருந்தின் அளவை மாற்றிவிடும். முதலாம் ஆண்டில் கழுத்து நாளத்தினூடாக நுண்குழாய் செலுத்தி, இதயத்தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பலமுறை பரிசோதிப்பர். சிறுநீரகப் பாதிப்பு, உயர் இரத்த அழுத்தம், தொற்று என்பவற்றையும் எப்போதும் கண்காணித்தல் அவசியம். ஒரு நோயைக் கொடுத்து, சமாளிக்கக்கூடிய வேறொன்றை வாங்குவதாகவே இச்சிகிச்சையைக் கொள்ளலாம்.

ஆயினும் வாங்கப்படுவது சாமானியமானதன்று. சத்திரசிகிச்சையின்போது இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், மாற்று இதயம் ஓய்விலும் சற்று வேகமாகவே துடிக்கும். உடல் உழைக்கும்போது அதன் வேகம் தாமதித்தே கூடும். அப்படியிருந்தும், 1995இல் மாற்று இதயம் பெற்ற கெலி பேர்கின்ஸ் எனும் அமெரிக்கப் பெண்மணி, 2003இல் அல்ப்ஸ் மலைத்தொடரின் மற்றர்ஹோர்ன் சிகரத்தில் ஏறினார். மாற்று இதயத்துடன் தாய்மையடைந்த பெண்களும் உலகில் உள்ளனர். கருவுக்குத் தீங்கிழைக்கும் மருந்துகளை முன்கூட்டியே மாற்றி, வைத்திய நிபுணர்களின் கண்காணிப்பில் இருந்தே அவர்கள் பிள்ளை பெற்றனர். நோயுற்ற பெண்பிள்ளையின் எதிர்காலம் முடிந்துவிட்டதெனத் தீர்ப்பளிக்கும் எமது சமூகம் இவ்வுண்மையை மனங்கொள்ளல் நன்று.

எமது நாட்டில் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில் ஒரு பெண்ணுக்கு நிகழ்த்தப்பட்டது. இறந்த ஓர் இளைஞரின் இதயமே அவருக்குப் பொருத்தப்பட்டது. ஆகவே எமது வைத்தியர்களுக்கு ஆற்றல் உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால், சிறுநீரகத்தைப் போல உயிருடன் உள்ளவர் இதயத்தைத் தானம் செய்ய இயலாது. மூளைச் சாவடைந்த ஒருவரின் குடும்பம் இணங்கினால் மாத்திரமே அது கிட்டும். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கின்றது. எடுக்கப்பட்ட இதயத்தைக் குளிரூட்டிப் பேணக்கூடிய காலமோ வழமையான முறையில் சுமார் நான்கு மணித்தியாலங்களே.

செயற்கைச் சுவாசத்தால் மார்பு ஏறியிறங்க, உடலிலே சூடு மாறாதிருக்க, 'உங்கள் பிள்ளை இறந்துவிட்டார்' என்று வைத்தியர் கூறுகின்றார். எந்தத் தாய் அதனை உடனே நம்புவாள்? அந்தத் தயக்கத்தை அறியாமை என்று இகழ எமக்கு உரிமையில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜனாஸாவின் கண்ணியமும் தாமதமற்ற நல்லடக்கமும் பற்றிய கவலைகள் உண்டு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு சபை 1986இல் அம்மானில் மூளைச் சாவு குறித்தும், 1988இல் ஜித்தாவில் உறுப்பு மாற்றீடு குறித்தும் ஆராய்ந்து, நிபந்தனைகளுடன் இடமளித்துள்ளது. மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர். எனவே, நெருக்கடிக்கு முன்னரே தத்தம் மார்க்க அறிஞர்களிடம் விளக்கம் பெறுவதே தகும். கண்ணப்பர் கண்ணீந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சைவ வீடுகளிலும் இவ்விடயம் பேசப்படாமலே இருக்கின்றது. இறந்தோரின் விழிகளைப் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கு ஈந்து பார்வை அளித்த நாடு இது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அரசுக்கும் இதிலொரு கடமை உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எமது வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்தமையை எவரும் மறந்திருக்கமாட்டார். ஏனைய சில நோய்களில் மருந்து தாமதித்தால் நோயாளி பொறுத்திருக்கக்கூடும். மாற்று உறுப்புடன் வாழ்பவரோ மருந்து தவறினால் அவ்வுறுப்பையே இழக்க நேரிடும். ஒரு குடும்பம் தன் துயரத்தின் உச்சத்தில் ஈந்த இதயத்தை மாத்திரையின்மையால் பறிகொடுப்பது மன்னிக்கத்தக்கதன்று. தடையற்ற மருந்து விநியோகத்துக்கு உத்தரவாதம் அளிக்காமல் சத்திரசிகிச்சைகளை மாத்திரம் சாதனையாகக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

ஹன்னாவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் துணைநின்ற இதயம், ஐந்து மாதமே உலகைக் கண்ட ஒரு குழந்தையினுடையது. அதன் பெற்றோர் அன்று எடுத்த முடிவினாலேயே ஹன்னா தன் பதினாறாவது வயதைக் கண்டார். அத்தகைய முடிவை வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் கண்ணீருக்கு நடுவே முதன்முதலாகச் சிந்திக்க நேர்வது கொடுமையானது. வீட்டில் அனைவரும் நலமாக இருக்கும்போது, ஓர் இரவு உணவின் பின்னர் இதுபற்றிப் பேசிக்கொள்ளுமாறு எமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். இணங்குவதோ மறுப்பதோ அவரவர் உரிமை. எமக்குப் பிரியமானவரின் விருப்பம் யாதென்பதை முன்பே அறிந்திருப்பது, துயர்மிகு அவ்வேளையில் குடும்பத்தின் சுமையை ஓரளவேனும் குறைக்கும்.