சக்கர நாற்காலியில் அம்மா, தட்டில் சைவம்... பினாங்கு தீவுக்கு டூர் பிளான் போடுவது எப்படி?

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

வெளிநாட்டு டூர் பேச்சு எடுத்தாலே முட்டி வலி உள்ள அம்மாவிடமிருந்தோ, பக்கவாதத்துக்குப் பிறகு வீல்சேருக்கு மாறிய அப்பாவிடமிருந்தோ வரும் முதல் பதில் இதுதான். அடுத்து இன்னொன்றும் வரும்: "அங்க எனக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்?" இந்த இரண்டுக்கும் நம்மிடம் சரியான பதில் இருக்காது. அதனால் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். இல்லையென்றால் அழைத்துப்போய் ஹோட்டல் ரூமில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, நாம் மட்டும் ஊர் சுற்றுகிறோம்.

ரெண்டுமே தேவையில்லை. கொஞ்சம் ஹோம்வொர்க் செய்தால் எல்லோரும் சேர்ந்தே போய்வரலாம். அதற்கு மலேசியாவின் பினாங்கு தீவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஏன் பினாங்கு?

கடல், மலை, பழைய நகரம் மூன்றும் ஒரே தீவில் இருக்கின்றன. தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் தாத்தா தலைமுறையில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போய் இறங்கிய ஊர் இது. லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி மளிகை வாங்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய தெம்பு. மொழி புரியாத ஊரில் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

போவதும் எளிதாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது. பயண நேரம் சுமார் 4 மணி. வீல்சேர் பயணிக்கு நடுவில் விமானம் மாற வேண்டாம் என்பதே பாதி நிம்மதி. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அறிவித்தது. பிறகு அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். டிக்கெட் போடும் முன் விசா விதியையும் விமான அட்டவணையையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

"வசதி இருக்கு சார்" என்ற பதிலை நம்பலாமா?

பிளானிங்கில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "வீல்சேர் வசதி இருக்கா?" என்று கேட்டால் ஹோட்டலில் "இருக்கு" என்பார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் மூன்று படி இருக்கும். "தூக்கிவிட ஆள் இருக்காங்க" என்பதைத்தான் வசதி என்று சொல்லியிருப்பார்கள். "சைவம் கிடைக்குமா?" என்றாலும் "கிடைக்கும்" என்பார்கள். கறி இல்லாத, ஆனால் இறால் விழுது போட்ட கீரை வரும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் வேறு. அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காமல், எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வியைக் கேளுங்கள். எத்தனை படி? கதவு எத்தனை சென்டிமீட்டர்? குழம்பில் என்ன போடுறீங்க?

ஹோட்டலில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் வீட்டில் இருக்கும் வீல்சேரின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சாதாரண வீல்சேர் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும். கதவு 80 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால்தான் கை இடிக்காமல் உள்ளே போகலாம். அடுத்து இந்த ஐந்தையும் ஹோட்டலுக்கு மெயிலில் கேளுங்கள்:

1. தெருவிலிருந்து ரூம் வரை மொத்தம் எத்தனை படி? லிஃப்ட் கதவின் அகலம் என்ன?

2. பாத்ரூம் கதவின் அகலம் என்ன? வாசலில் மேடு இருக்கிறதா?

3. குளிக்க பாத்டப்பா, தரையோடு தரையாக இருக்கும் ஷவரா? பாத்டப் என்றால் விளிம்பைத் தாண்ட வேண்டும். பலருக்கு அது முடியாது.

4. டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி உண்டா? ஷவருக்குள் போட நாற்காலி கிடைக்குமா?

5. கட்டிலின் உயரம் என்ன? வீல்சேர் சீட்டின் உயரத்துக்கு அருகில் இருந்தால் மாறி உட்காருவது சுலபம்.

பதிலோடு போட்டோவும் கேளுங்கள். சாய்தளம் இருப்பதாகச் சொன்னால் அதன் நீளத்தையும் கேளுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. 15 செ.மீ. படிக்கே 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

பழைய கடைவீடுகளை மாற்றிய ஹெரிடேஜ் ஹோட்டல்கள் ஜார்ஜ் டவுனில் ரொம்ப ஃபேமஸ். ரீல்ஸ் பார்த்து மயங்கி புக் பண்ணிவிடாதீர்கள். உயரமான வாசல்படி, செங்குத்தான மரப்படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது என்பது அங்கே சகஜம். கர்னி டிரைவ் பக்கம் உள்ள புதிய உயரமான கட்டிடங்களில் தங்குவது நல்லது. ஜார்ஜ் டவுனுக்கு காரில் கொஞ்ச நேரம்தான்.

விமானத்தில் எப்படிச் சொல்ல வேண்டும்?

'வீல்சேர் வேணும்' என்றால் போதாது. விமான நிறுவனங்கள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியே ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் சில அடி நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். சீட் வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. தவறான வகையைச் சொன்னால் பிரச்சினை. ஏணிப்படிக்குக் கீழே நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

இந்த உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். சொந்த வீல்சேர் என்றால், விமான வாசல் வரை அதிலேயே போய், இறங்கும்போது வாசலிலேயே திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள். பேட்டரி வீல்சேராக இருந்தால் பேட்டரி என்ன வகை, எத்தனை வாட்-ஹவர் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாப்பாட்டு புக்கிங்கில் 'ஏ.வி.எம்.எல்.' என்பது இந்திய பாணி சைவம், 'வி.ஜே.எம்.எல்.' ஜெயின் உணவு.

பினாங்கில் சைவம் கிடைக்குமா?

தாராளமாக. ஆனால் எங்கே கண்ணி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கண்ணி பெலாச்சான். இது புளிக்கவைத்த இறால் விழுது. சம்பலில், வதக்கிய கீரையில் எல்லாம் இருக்கும். பார்த்தால் தெரியாது. நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும். பினாங்கு அசாம் லக்சாவின் அடிப்படையே மீன். பழ சாலட்தானே என்று ரோஜாக் வாங்கினால் அதன் கறுப்பு சாஸும் இறால்தான். சார் குவே தியாவ் நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். காயா ஜாமில் முட்டை உண்டு. பச்சைப்பயறு வைத்த 'தவ் சார் பியா' பிஸ்கட்டில்கூட கொழுப்பு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'ஹலால்' போர்டைப் பார்த்து சைவம் என்று நினைப்பவர்களும் உண்டு. பன்றி இறைச்சி இல்லை என்று நம்பலாம், கோழியும் மாடும் இருக்கும்.

இந்த வரியை போனில் சேவ் செய்துகொள்ளுங்கள்: "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங், தெலூர்." நான் இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். கோழியைத் தனியாகச் சொல்வது அவசியம். 'டாகிங்' என்றால் பலர் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். கூடவே "தாக் நாக் பெலாச்சான்" என்றால், பெலாச்சான் வேண்டாம்.

நிம்மதியாகச் சாப்பிட இரண்டு வழி. லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் இட்லி, தோசை முதல் வாழை இலைச் சாப்பாடு வரை கிடைக்கும். இரண்டாவது வழியைப் பலரும் கவனிப்பதில்லை: சீன பௌத்த சைவக் கடைகள். வாசலில் 素 அல்லது 齋 என்ற எழுத்து இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தெருவில் அடையாளம் கண்டுபிடிக்கலாம். பல கடைகளில் பூண்டு, வெங்காயம்கூட சேர்ப்பதில்லை. சோயாவில் செய்த போலி மீன், போலி வாத்து எல்லாம் தட்டில் வரும். அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், பயந்துவிடப்போகிறார்! முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீன நாட்காட்டியின் 9-வது மாதத்தில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி, 'ஒன்பது பேரரசர்' தெய்வங்களுக்கு 9 நாள் விழா நடக்கும். அந்த நாட்களில் சீனர்கள் பலர் சைவத்துக்கு மாறுவார்கள். மஞ்சள் கொடி கட்டிய சைவ ஸ்டால்கள் தெருவெங்கும் முளைக்கும். உள்ளூர் சாப்பாட்டை சைவமாகவே ருசிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அது மழை அதிகமாகப் பெய்யும் காலம். ஒப்பீட்டளவில் மழை குறைவான மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

இனிப்புக்கு தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய செண்டோல், குடிக்க ஜாதிக்காய் ஜூஸ். 'புத்து மாயம்' என்று விற்பது வேறொன்றுமில்லை, தேங்காயும் சர்க்கரையும் தூவிய நம் இடியாப்பம்தான்.

எங்கே போகலாம், எதைத் தவிர்க்கலாம்?

தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். ஆனால் முருகனைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. 1923-ல் தொடங்கிய பினாங்கு ஹில் மலை ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் உச்சி. அங்கேயும் ஒரு முருகன் கோயில் உண்டு. ரயிலில் வீல்சேருடன் போகலாம். மேலே பாதைகள் சரிவானவை என்பதால் தள்ள பலமான ஆள் வேண்டும். வார இறுதியில் கியூ நீளும்; வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

தண்ணீர்மலை அடிவாரச் சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும், சற்றுத் தள்ளி தார்ச்சாலை போட்ட தாவரவியல் பூங்காவும் இருக்கின்றன. மலை ஏறாமலே ஒரு காலைப் பொழுது இனிமையாகக் கழியும்.

தைப்பூசத்தையே பார்க்க ஆசையா? வெள்ளி ரதம் நகரிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தேங்காய்களைக் குவித்து உடைப்பார்கள். சாலை முழுக்க ஓடும் வழுக்கலுமாக இருக்கும், கூட்டமும் நெரியும். ரத வழியில் சாலையைப் பார்த்த ரூம் கிடைத்தால் ஜன்னலிலிருந்து பார்ப்பதே பாதுகாப்பு.

ஜார்ஜ் டவுனில் ஒரே சாலையில் சீனக் கோயில், மசூதி, தேவாலயம் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். தூரம் குறைவு, தரை சமம். பிரச்சினை நடைபாதைதான். 'ஐந்தடி நடை' எனப்படும் கடை முன்தாழ்வாரங்கள் கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் பைக் நிற்கும். வீல்சேர் சாலையில்தான் போக வேண்டியிருக்கும். டிராஃபிக் குறைவான காலை நேரத்தில் போவது நல்லது.

கடலுக்கு பத்து பெர்ரிங்கி கடற்கரை பிரபலம். மணலில் வீல்சேரின் முன்சக்கரம் புதையும் என்பதை மறக்க வேண்டாம். அலைச் சத்தமும் காற்றும் போதும் என்றால், எஸ்பிளனேட் கடலோரப் பாதையும் கர்னி டிரைவும் சமதளம். மாலையில் போனால் அருமை. கடல்மேல் கட்டிய சியூ ஜெட்டியில் மரப்பலகை இடுக்குகளில் சின்னச் சக்கரம் சிக்கும், உஷார்.

சுற்றிவர என்ன வழி? கழிப்பறை?

மடக்கும் வீல்சேர் என்றால் கிராப் ஆப்பில் 6 சீட் காரை புக் பண்ணுங்கள், டிக்கியில் இடம் இருக்கும். ரேபிட் பினாங்கு நிறுவனத்தின் தாழ்தளப் பேருந்துகளில் சாய்தளம் உண்டு. மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கும் எழுத்து 'ஓ.கே.யு.'. கழிப்பறை, பார்க்கிங், லிஃப்ட் எங்கும் இந்தப் போர்டைத் தேடுங்கள். பெரிய மால்களில் நம்பிக் கேட்கலாம். தெருவோரக் கடைகளில் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு அரை நாளுக்கும் ஒரு கழிப்பறையை மேப்பில் குறித்துவைத்துவிட்டுக் கிளம்புங்கள். டாய்லெட் பயத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் நிறைய. பினாங்கு வெயிலுக்கு அது ஆகாது.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

இரண்டு போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மதியம் ரூமில் ஓய்வு. 4 நாள் டூர் என்றால் வந்து இறங்கும் நாளில் கடலோரம், இரண்டாம் நாள் மலை ரயில், மூன்றாம் நாள் ஜார்ஜ் டவுனும் லிட்டில் இந்தியாவும், நான்காம் நாள் செட்டியார் கோயிலும் பூங்காவும். மருந்துச் சீட்டு, பயண இன்ஷூரன்ஸ், வீல்சேர் டயருக்கு ஒரு பம்ப், கோயிலுக்குள் போகும் முன் சக்கரம் துடைக்க ஒரு துணி. இவை கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியலை நீங்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். படி எத்தனை ஏற முடியும், எதைச் சாப்பிட மாட்டார், எதைப் பார்க்க ஆசை என்று அம்மாவிடமே கேளுங்கள். "நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொன்னவர், "அந்த மலை ரயில்ல கண்டிப்பா போகணும்" என்று சொல்லக்கூடும்.