அளவெடுக்கும் கலை – 14: சராசரிக்குள் ஒளியும் துகள்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 1942 மே 25 அன்று ஒரு புதுவகை எந்திரம் ஓடத் தொடங்கியது. கச்சா எண்ணெயின் கனத்த பகுதியைப் பெட்ரோலாக உடைக்கும் எந்திரம். உடைக்கும் வேலையைச் செய்வது மாவு போன்ற வினையூக்கித் தூள். அடியிலிருந்து வாயுவைச் செலுத்தினால் அந்தத் தூள் கொதிக்கும் உலைபோலத் தளதளக்கும். வேகத்தைக் கூட்டினால் வாயுவோடு சேர்ந்து குழாயில் மேலேறி ஓடும். எம்.ஐ.டி. பேராசிரியர்கள் லூயிஸும் கில்லிலாண்டும் வளர்த்தெடுத்த யோசனை இது.

அந்தக் குழாய்க்குள் எந்த இடத்தில் எவ்வளவு தூள் இருக்கிறது? சுவரோ எஃகு. இன்றைய ஆலைகளில் உள்ளே 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு. எட்டிப் பார்க்க வழியே இல்லை.

எளிதில் கைகொடுப்பது அழுத்தமானி. தளதளக்கும் படுகையில் தூளின் எடையைத் தாங்குவது வாயுதான். ஆகவே இரண்டு உயரங்களில் துளையிட்டு அழுத்த வித்தியாசத்தைப் பார்த்தால், இடையில் உள்ள தூளின் எடை தெரிந்துவிடும். இந்தத் துறையில் இதைவிட அழகான அளவீடு இல்லை என்பேன். ஆனால் அது 'எவ்வளவு' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது.

'எங்கே' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேலேறும் குழாயில் தூள் சீராகப் பரவுவதில்லை. நடுவில் அடர்த்தி குறைந்து விரைந்து ஏறுகிறது. சுவரோரம் திரண்டு, பல சமயம் கீழ்நோக்கியே சரிகிறது. எண்ணெய் ஆவி குழாயில் இருப்பது சில விநாடிகள்தான். நடுவில் போகும் ஆவிக்கு வினையூக்கி போதாது. ஓரத்தில் சிக்கியது அளவுக்கு மீறி உடைந்து, கரியாகவும் வாயுவாகவும் வீணாகும். அழுத்தமானி இரண்டையும் கலந்து ஒரே எண்ணைக் காட்டும்.

காமா கதிர் எஃகையும் ஊடுருவும். குழாயின் ஒரு பக்கம் சீசியம்-137, எதிர்ப்பக்கம் உணர்கருவி. தூள் கூடக்கூட, கடந்துவரும் கதிர் குறையும். கதிர் பாயும் கோட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி அளந்தால் ஓரத்தையும் நடுவையும் பிரித்தறியலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு, நிதானமாகப் பாருங்கள். குழாய் வெறுமையாக இருந்தால் உணர்கருவியில் விநாடிக்கு 1,000 துடிப்புகள், தூள் திரண்டால் 100 என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் வெறுமை, பாதி நேரம் திரள். சராசரி 550. கதிர் எத்தனை மடங்கு குறைந்தது என்பதன் மடக்கைதான் (logarithm) தூளின் அளவைக் காட்டும். 550 என்ற சராசரியை அந்த மடக்கை வாய்பாட்டில் போட்டால் கிடைக்கும் தூளின் அளவு, உண்மையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான்! வெறுமையான கணங்களில் கதிர் வெள்ளமாகப் பாய்ந்து, திரண்ட கணங்களை மூழ்கடித்துவிடுகிறது. ஆகவே மிகச் சிறு இடைவெளிகளில் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனியே மடக்கை கண்டு, பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். இடைவெளி சுருங்கினால் துடிப்புகளும் சொற்பமாகும். அப்போது வலுவான கதிர்மூலம் தேவை, கனத்த கவசமும் தேவை.

கதிரே வேண்டாம் என்று, 1980களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் அமெரிக்காவின் மார்கன்டவுனிலும் வேறு வழி தேடினார்கள். குழாயைச் சுற்றி 12 மின்தகடுகள் பொருத்தினால் 66 ஜோடிகள் கிடைக்கும். இடையில் உள்ள தூளுக்கேற்ப மாறும் மின்தேக்குத்திறனை ஒவ்வொரு ஜோடிக்கும் அளந்து குறுக்குவெட்டுப் படம் வரையலாம், விநாடிக்கு நூறு படங்கள்கூட. வேகத்தில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் படம் மங்கல். குழாயின் நடுவில் இன்னும் மங்கல்.

பொறியியல் படிக்கும் தம்பி, தங்கைகளே, துகள் அடர்த்தி என்று ஓர் எண்ணை யாராவது நீட்டினால், மடக்கை எடுத்தது சராசரிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

(தொடரும்)