முதலில் இடம் பிடிக்கிற உயிர்

நெல்லில் குலை நோய் பற்றிப் படர்ந்த பிறகுதான் பலரும் சூடோமோனாஸ் பாக்டீரியா பாக்கெட்டைத் தேடுகிறார்கள். "டோஸைக் கூட்டி அடிச்சா கேக்குமா மேடம்?" வேளாண்மைத் துறையில் நான் இருந்த காலம் முழுக்கக் கேட்ட கேள்வி. உயிருள்ள பாக்டீரியாவை மருந்துப் பொடியாக நினைப்பதால் வருவது.

அதன் நேரம் விதையிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் பொடி. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து முளைகட்ட வேண்டும். அப்போது உமியின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருக்கும். முளைவிடும் வேரில் கசிகிற சர்க்கரையைத் தின்று, இந்த பாக்டீரியா வேரோடு வேராகப் பரவும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். பின்னால் வருகிற நோய்ப் பூஞ்சைக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

உணவும் கிடைக்காது. பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். சூடோமோனாஸ் மஞ்சள் கலந்த பச்சை நிறமி ஒன்றைச் சுரந்து, மண்ணிலுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சில ரகங்கள் பூஞ்சையை ஒடுக்கும் வேதிப்பொருளையும் சுரக்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு தருவது வேறொன்று: வேரில் இருக்கிற பாக்டீரியாவால் மேலே இலை உஷாராகிறது. பிறகு நோய் தாக்கினால் பயிர் சீக்கிரமாகவே எதிர்த்து நிற்கிறது.

கோழிக்குஞ்சுக்கும் இதே கதைதான். இன்குபேட்டரில் பொரிக்கிற குஞ்சு தாய்க்கோழியோடு சேர்ந்து கிளறிக் கொத்துவதில்லை. அதன் குடல் வெறுமையாகக் கிடக்கிறது, சால்மோனெல்லா சுலபமாகக் குடியேறுகிறது. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் பிறந்த கையோடு புகட்டினால் குஞ்சுகள் தப்புகின்றன என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973இல் காட்டினார்கள். அங்கேயும் முந்திக்கொள்வதுதான் முக்கியம்.

மீண்டும் பயிருக்கு வந்தால், நிலக்கடலை விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி, கிலோவுக்கு 4 கிராம். அதே விதையில் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலக்காதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், செத்துவிடும். பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பாருங்கள், வெயில் படாமல் வையுங்கள். நெல்லில் விதை நேர்த்தியைத் தவறவிட்டவர்களுக்கு நடவன்று இன்னொரு வாய்ப்பு உண்டு. வயலின் ஒரு மூலையில் சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸைக் கரைத்து, நாற்றின் வேர்களை அரை மணி நேரம் நனைத்து நடலாம்.