வீட்டிலொரு சரசுவதி பண்டாரம்

முற்காலத்தே கோயில்களில் ஏடுகளைப் பேணிவைத்த இடம் சரசுவதி பண்டாரம் எனப்பட்டது. தில்லைத் திருக்கோயிலில் அத்தகைய பண்டாரம் ஒன்று இருந்தமையைக் கி. பி. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறும். ஓலை நெடுநாள் நில்லாது. ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புத்தேடு எழுதிவைத்தலே முன்னோர் கண்ட காப்பாகும். உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள நம் கரையோரத்தில் உப்புக்காற்றும் கறையானும் தாளையும் விட்டுவைப்பதில்லை. எனவே கோயிற் கணக்கு, திருவிழா மலர், காணி உறுதி, மூதாதையர் நிழற்படம் ஆகியவற்றை இன்று கணினியில் ஏற்றிவைப்போர் பலர். அவற்றை வீட்டிலேயே வைத்து, கடல் கடந்து வாழும் உறவினரும் இணையவழி எடுத்துப் படிக்கச் செய்யும் முறையை ஈண்டு விளக்குவாம்.

இதற்கு வேண்டுவன பழைய கணினி ஒன்று, வன்தட்டு இரண்டு, மின்தடையைச் சிறிது நேரம் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்று என்பனவே. கணினியை இயக்குதற்கு 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கும். கோப்புக்களைப் பகிர்தற்கு அவுஸ்திரேலியராகிய அன்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சம்பா என்னும் மென்பொருள் உதவும். இவ்வாறு பிற கணினிகள் கேட்டவற்றை எடுத்து வழங்குங் கணினியே சேவையகம் எனப்படும்.

வீட்டினுள் இஃது எளிது. வெளியிலிருந்து அணுகுதலே அரிது. ஏனெனின், இணையத்தின் பழைய முறையில் உள்ள முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. அவை உலகுக்குப் போதா. ஆதலின் வீட்டு ரவுட்டருக்கு மட்டும் பொது முகவரி ஒன்று தந்து, உள்ளேயுள்ள கருவிகளுக்கு அகமுகவரி வழங்குவர். சிலவிடங்களிற் பல வீடுகளுக்கும் ஒரே பொது முகவரி அமைவதுண்டு. அப்போது வெளியிலிருந்து வரும் வேண்டுகோள், ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய கடிதம் போல, எவ்வீட்டுக்குரியதென அறியப்படாது நின்றுவிடும்.

ரவுட்டரில் வாயிலைத் திறந்து சேவையகத்தை நேரே வெளிக்காட்டுதல் ஒரு வழி. அது கேடு பயப்பது. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல், விண்டோசின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஓட்டை வழியே நுழைந்து ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியமை இதற்குச் சான்று. தக்க வழி வி.பி.என். என்னும் மறைவழியாகும். வயர்கார்ட் போன்ற மென்பொருளில் இரு முனையிலும் உரிய திறவுகோல் உடையாரே உட்புகுவர். பொது முகவரி இல்லாதார், அஃதுடைய சிறு சேவையகமொன்றை வாடகைக்குப் பெற்று, வீட்டுக் கணினி தானே அதனோடு தொடர்புகொள்ளுமாறு செய்யலாம். உள்ளிருந்து வெளிச்செல்லுந் தொடர்புக்கு முற்கூறிய தடை இல்லை.

இனி, தலையாய செய்திக்கு வருவாம். இரு வன்தட்டுக்களில் ஒருங்கே பதிதல் காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் அழித்தது அக்கணமே மற்றதிலும் அழியும். 2023இல் இலங்கை அரசின் மேகக்கணினித் தொகுதி பணயத் தீநிரலால் தாக்குண்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளாதொழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லாமையே காரணம். அரசுக்கு நேர்ந்தது வீட்டுக்கு நேராதென்பது என்ன உறுதி? ஆதலின் பிரதிகள் மூன்று, அவை தங்கும் ஊடகங்கள் இரண்டு, பிறிதோர் ஊரில் வைப்பது ஒன்று என்பதே அறிந்தோர் கூறும் விதி.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதன மீளவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி வருவதன் பயன் இதனால் விளங்கும். ஓரிடத்து எரிந்தாலும் மற்றோரிடத்து எஞ்சும்.

மாணவர்காள்! உங்கள் வீட்டு அலுமாரியிலுள்ள தாள்களிலிருந்தே இப்பணியைத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் கலைமகள் பூசையன்று நூல்களை அடுக்கும்போது, காப்புப் பிரதியிலிருந்து கோப்பொன்றை மீட்டுத் திறந்து பாருங்கள். திறவாத பிரதி பிரதியன்று.