மெயிலுக்கு முன்னால் ஒரு நடை

"எனக்கு இங்கிலீஷ் மெயில் எழுத வராதுங்க." திருப்பூரில் புதிதாக மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பயப்படுகிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். படித்ததும் முடிவெடுக்கப் போதுமான விவரம் மெயிலில் இருக்கிறதா என்றுதான் பையர் பார்ப்பார்.

"ஷிப்மெண்ட் 05/06" என்று எழுதினால் ஜெர்மனியில் ஜூன் 5 என்று படிப்பார்கள். அமெரிக்காவில் மே 6. மாதத்தின் பெயரை எழுதுங்கள். அது சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாளா, தூத்துக்குடியில் கப்பல் புறப்படும் நாளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "செஸ்ட் 50" என்றால் சென்டிமீட்டரா? பனியனை விரித்துப்போட்டுக் குறுக்கே அளந்ததா, சுற்றளவா? "180 ஜிஎஸ்எம்" என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். ஆனால் கிரே துணியிலா, சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்த துணியிலா?

கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நம் காலை மெயிலை அவர்கள் திறக்கும்போது நமக்கு மாலை ஆறரை. அவர்கள் ஒரு சந்தேகம் கேட்டாலே ஒரு நாள் போய்விடும். தைக்கக் கிடைக்கும் நாட்களில்தான் அந்த ஒரு நாள் குறையும்.

திருப்பூரில் நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்காக வேலை பிரிந்து கிடக்கிறது. விவரமும் அப்படியே சிதறிக் கிடக்கிறது. "கலர் கொஞ்சம் மாறியிருக்கிறது, சீக்கிரம் சரிசெய்கிறோம்" என்று எழுதுகிறவர் பெரும்பாலும் டையிங் மாஸ்டரிடம் பேசாதவர். பேசிவிட்டு, சாயம் போட்ட மாதிரித் துணிகளை (லேப் டிப்) டி65 என்ற பகலொளி விளக்கில் பார்த்துவிட்டு வந்தவர் இப்படி எழுதுவார்:

"நேவி கலருக்கு லேப் டிப் பி-யை ஜூன் 12-க்குள் அப்ரூவ் செய்யுங்கள். டி65 விளக்கில் ஏ சற்றுச் சிவப்படிக்கிறது, பி ஒரிஜினலோடு ஒத்துப்போகிறது. 12-ஆம் தேதி பதில் வந்தால் 14-ஆம் தேதி துணியைச் சாயத்துக்குப் போடுகிறோம்."

என்ன வேண்டும், ஏன் வேண்டும், கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும். மூன்று வரியில் முடிந்தது.

உங்கள் மெயிலை முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். தமிழில் மூன்று வரியில் சொல்ல முடிந்தால், இங்கிலீஷில் மூன்று எளிய வாக்கியம் தாராளமாகப் போதும். தமிழிலும் இழுத்தடிக்கிறதா? டையிங்குக்கோ கட்டிங்குக்கோ இன்னொரு நடை போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.